சுங்க அட்டவணையில் ஒரு ஜோடிக் காலணி: சென்னையின் வடகரையில் பொருள்களை வகைப்படுத்திய வரலாறு

கர்நாடக நவாப் தாவூத் கான் 1708-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வழங்கிய ஐந்து ஊர்களுள் கத்திவாக்கமும் ஒன்று. திருவொற்றியூர், சாத்தாங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் ஆகியவை மற்ற நான்கு. கவர்னர் தாமஸ் பிட்டின் காலத்தில் கிடைத்த இவ்வூர்கள் சில ஆண்டுகளில் கைநழுவி, பேரரசர் பரூக்சியரின் ஃபர்மானுக்குப் பிறகு 1717-இல் மீண்டும் கம்பெனியின் வசமாயின. இன்று அந்த ஐந்தில் திருவொற்றியூர், சாத்தாங்காடு, கத்திவாக்கம் ஆகிய மூன்றும் சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூர்த் துறைமுகத்துக்கும் இடையே ஓடும் கன்டெய்னர் லாரிகளின் வழித்தடத்தில் அமைந்திருக்கின்றன. அந்தக் கன்டெய்னர்களுக்குள் வரும் ஆயிரக்கணக்கான பொருள்களில், பெண்களுக்கான தோல் விளையாட்டுக் காலணி என்னும் மிகச் சாதாரணமான ஒன்றைச் சுங்கத்துறை எந்தப் பெயரில் எழுதுகிறது என்று பார்த்தால், அறிவியல் ஒழுங்கு போலத் தோன்றும் சுங்க அட்டவணை உண்மையில் பழைய வணிக வழக்கங்களும் வழக்குகளும் அடுக்கடுக்காகப் படிந்த வண்டல் என்பது விளங்கும்.

சுங்க வரலாறு எழுதும் தமிழ் நூல்கள் பெரும்பாலும் சுங்கம் தவிர்த்த சோழன் எனப்பட்ட குலோத்துங்கனிலிருந்தே தொடங்குகின்றன. அந்த மரபுக்கு இங்கே வேலை இல்லை. குலோத்துங்கன் நீக்கிய சுங்கத்துக்கும் கம்பெனி வசூலித்த சுங்கத்துக்கும் இடையே பெயரைத் தவிர நிர்வாகத் தொடர்ச்சி எதுவும் இல்லை. செயின்ட் ஜார்ஜ் கோட்டை எழுந்த காலத்தில் சுங்கம் என்பது முதன்மையாக ஆளையும் வாசலையும் பொறுத்ததாக இருந்தது. 1639-இல் தாமர்ல வேங்கடப்ப நாயக்கர் அளித்த உரிமைப்படி கம்பெனியின் சரக்குக்கு விலக்கு இருந்தது. பிற வணிகர் செலுத்தும் சுங்கத்தில் நாயக்கருக்கும் கம்பெனிக்கும் பங்கு இருந்தது. கோட்டையின் கடல் வாசலில் இறங்கும் சரக்கைக் கடற்சுங்க அதிகாரி கவனித்துக்கொண்டார். நிலவழி வரும் சரக்கு வேறு சாவடியில் தனியே சுங்கம் செலுத்தியது. யாருடைய சரக்கு, எந்த வழியாக வந்தது என்பவையே முதல் கேள்விகள். சரக்கு இன்னதென்பது அவற்றுக்கு அடுத்தபடியாகத்தான் கேட்கப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்நியக் கொடி பறக்கும் கப்பலில் வந்த சரக்குக்குக் கூடுதல் சுங்கம் விதிக்கும் வழக்கமும் நீடித்தது.

துறைமுகம் கட்டப்படாத அக்காலத்தில் கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, மசூலா என்னும் தைத்த படகுகள் அலைகளைத் தாண்டிச் சரக்கைக் கரை சேர்த்தன. கடற்சுங்க அலுவலகம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோட்டையை விட்டு, இன்று ராஜாஜி சாலை எனப்படும் கடற்கரைச் சாலைக்கு இடம் மாறியது. நகருக்கு வடக்கே, எண்ணூரை ஒட்டிய பகுதியில் அரசின் கண் வேறொரு பொருளின்மீது இருந்தது. சென்னை மாகாணத்தில் 1805-இல் உப்பு அரசின் ஏகபோகமாக்கப்பட்டது; எண்ணூர் உப்பளங்களில் விளைந்த உப்பு, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்டுப் பின்னர் பக்கிங்காம் கால்வாயின் பகுதியான கால்வாய் வழியாக நகருக்குச் சென்றது. உப்பு, ஆயம், சுங்கம் மூன்றும் வருவாய் வாரியத்தின் ஒரே பிரிவின் கீழ் நிர்வகிக்கப்பட்டன. கத்திவாக்கத்தார் அரசின் வரியை முதலில் அறிந்தது உப்பின் வழியாகவே என்று கொள்வதில் தவறில்லை.

வகைப்பாடு, அதாவது ஒரு சரக்கு வரி அட்டவணையின் எந்த வரிசையில் அடங்கும் என்று முடிவு செய்வது, இந்தக் காலத்தில் பெரிய சிக்கலாக எழவில்லை. விகிதங்கள் வேறுபடும்போதுதான் பெயர்கள் சண்டைக்கு வரும். உள்நாட்டுச் சாவடிச் சுங்கம் சென்னை மாகாணத்தில் 1844-இல் ஒழிந்தது. பிரிட்டிஷ் சரக்கு, அந்நியச் சரக்கு என்ற பாகுபாடு 1859-இல் நீங்கியது. பொது இறக்குமதி விகிதம் 1864-இல் 7.5 விழுக்காடாகவும் 1875-இல் 5 விழுக்காடாகவும் குறைந்தது. 1882-இல் உப்பு, மது போன்ற சிலவற்றைத் தவிர இறக்குமதி வரியே கைவிடப்பட்டது. மான்செஸ்டர் ஆலை முதலாளிகளின் வற்புறுத்தலும் தடையில்லா வணிகக் கொள்கையும் சேர்ந்து உருவாக்கிய அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில், ஒரு பெட்டியில் இருப்பது பூட்ஸா செருப்பா என்று ஆராய வேண்டிய வருவாய்த் தேவை சுங்க அதிகாரிக்கு ஏறத்தாழ இல்லாமலே போயிற்று. 1894-இல் 5 விழுக்காடு வரி திரும்பி வந்தபோதும் அது பெரும்பாலான பொருள்களுக்கு ஒரே அளவாக இருந்தமையால் பெயர்ப் பூசல் பெரிதாகக் கிளம்பவில்லை.

சென்னையில் தோல் சார்ந்த பொருளின் பெயர் வரிக் கேள்வியாக மாறியது முதல் உலகப் போருக்குப் பிறகுதான். அதுவும் இறக்குமதியில் அல்ல, ஏற்றுமதியில். இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-இல் திறக்கப்பட்ட தென்னகத்தின் முதல் ரயில் பாதையும் அதன் நீட்டிப்பும் இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளைச் சென்னைக் கடற்கரையோடு இணைத்திருந்தன. அங்கே ஆவாரம்பட்டையால் பதனிடப்பட்ட தோல், பெரியமேட்டுச் சந்தை வழியாக லண்டனுக்குச் சென்றது. இறுதி மெருகு அங்கே செய்யப்பட்டது. ஆல்பிரட் சாட்டர்டன் 1903-இல் சென்னையில் குரோம் முறைப் பதனிடுதலைச் சோதித்துப் பார்த்திருந்தாலும், ஏற்றுமதியில் பட்டைத் தோலே ஆதிக்கம் செலுத்தியது. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸ்களின் மேற்பகுதிக்கு இத்தோல் பெருமளவில் தேவைப்பட்டது. போர் முடிந்து தேவை சரிந்தபோது, 1919 செப்டம்பரில் பச்சைத் தோல் ஏற்றுமதிமீது 15 விழுக்காடு வரி விதித்து, பேரரசுக்குள் பதனிடப்படும் தோலுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தள்ளிக்கொடுக்கும் சட்டம் வந்தது. உடனே எது பச்சைத் தோல், எது பதனிட்ட தோல் என்னும் எல்லைக்கோடு பணமதிப்புப் பெற்றது. உப்பிட்டு உலர்த்திய தோல் ஒரு பக்கம், பட்டைத் தொட்டியிலிருந்து எடுத்த தோல் மறுபக்கம். சென்னைப் பதனிடுவோருக்கு இவ்வரி அரணாகவும், பச்சைத் தோலை அப்படியே அனுப்பிவந்த கல்கத்தா வணிகர்களுக்கு இடராகவும் அமைந்தது. 1923-இல் அது 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. சட்டத்தின் ஆயுள் குறுகியதே. ஆயினும் ஒரு பொருளுக்கு அட்டவணை இடும் பெயர் ஒரு தொழிலைக் காக்கவும் கூடும், கவிழ்க்கவும் கூடும் என்பதைத் தோல் வணிகம் அப்போதே கற்றுக்கொண்டது.

1930-களில் மலிவான ஜப்பானிய ரப்பர் அடிக் காலணிகள் இந்தியச் சந்தைக்குள் நுழைந்தபோது, விலையில் இத்தனை விழுக்காடு என்ற வரி மட்டும் போதவில்லை. ஜோடிக்கு இத்தனை அணா என்ற குறைந்தபட்ச வரியும் சேர்க்கப்பட்டது. இதன் பின்னணியில் 1934-ஆம் ஆண்டின் இந்தியச் சுங்க வரி அட்டவணை பொருள்களைப் பிரிவு பிரிவாக அடுக்கி, 87-ஆம் இனத்தை எச்ச இனமாக, அதாவது வேறெங்கும் அடங்காதவற்றுக்கான கடைசி அறையாக வைத்தது. இந்த 87-ஆம் இனமே நாற்பது ஆண்டுகள் கழித்து வடசென்னையின் ஒரு தொழிற்சாலையை உச்ச நீதிமன்றம் வரை கொண்டு சென்றது.

திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கி, 1961 முதல் டயர் உற்பத்தியில் இறங்கிய மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரியும், டன்லப் நிறுவனமும் வினைல் பைரிடின் லேடெக்ஸ் என்னும் வெண்ணிறத் திரவத்தை இறக்குமதி செய்தன. டயருக்குள் இருக்கும் துணி நூலும் ரப்பரும் ஒன்றோடொன்று விடாமல் ஒட்டிக்கொள்வதற்கு நூலை நனைக்கும் கலவையில் சேர்க்கப்படும் செயற்கை லேடெக்ஸ் அது. அதைக் கச்சா ரப்பருக்குரிய 39-ஆம் இனத்தில் சேர்க்க வேண்டும் என்று நிறுவனங்களும், அது எச்ச இனமான 87-இல் விழும் என்று அரசும் வாதிட்டன. 1975 அக்டோபரில் வந்த தீர்ப்பு நிறுவனங்களின் பக்கம் நின்றது. ஒரு பொருளை வாங்கி விற்போர் எப்படிப் புரிந்துகொள்கிறார்களோ அதுவே வகைப்பாட்டுக்கு முதல் அளவுகோல் என்றும், பெயர் குறிப்பிட்ட இனத்தில் இடம் கேட்க நியாயமான உரிமையுள்ள பொருளுக்குப் பெற்றோரை மறுத்து எச்ச இனம் என்ற அநாதை இல்லத்துக்கு அனுப்புவது வகைப்பாட்டின் அடிப்படைக்கே மாறானது என்றும் நீதிமன்றம் விளக்கியது. இந்தியச் சுங்க வழக்குகளில் இன்றளவும் இத்தீர்ப்பு எடுத்தாளப்படுகிறது. சந்தையின் வழக்காறு சட்டப் புத்தகத்தை வென்ற உச்சகட்டம் அது எனலாம்.

ஆனால் அதே ஆண்டில் நிறைவேறிய சுங்க வரிச் சட்டம் சந்தை வழக்காற்றின் இடத்தைச் சுருக்கத் தொடங்கியது. 1976 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், பொருள்களை வகைப்படுத்தும் பன்னாட்டுப் பட்டியலான பிரஸ்ஸல்ஸ் பெயர்த்தொகுதியைத் தழுவியது. அதற்கு வாரிசாக 1983-இல் உருவான ஒத்திசைவுப் பெயர்த்தொகுதியை, உலக அளவில் அது 1988-இல் நடைமுறைக்கு வருமுன்பே, 1986 பிப்ரவரி 28 முதல் இந்தியா ஏற்றுக்கொண்டது. உலகச் சரக்கு அனைத்தையும் ஆறு இலக்க எண்களுக்குள் அடக்கும் இத்தொகுதியில் முதல் இரண்டு இலக்கம் அத்தியாயத்தையும், நான்கு இலக்கம் தலைப்பையும், ஆறு இலக்கம் உட்தலைப்பையும் குறிக்கும். நாடுகள் தத்தம் தேவைக்கு மேலும் இலக்கங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். இந்தியா 2003 முதல் எட்டு இலக்கம் பயன்படுத்துகிறது. தனியாக விளக்கக் குறிப்புகள் கொண்ட இத்தொகுதியில், குறிப்பு வாய்திறக்கும் இடத்தில் சந்தை வழக்காறு வாய்மூட வேண்டும். எண்ணூரில் 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், பிரித்து வந்த ஆஸ்டின் கார்களின் பாகங்களைக் கோத்து விற்ற காலத்தில், பாகங்களின் குவியல் எப்போது கார் ஆகிறது என்பது வாதத்துக்குரியதாக இருக்க முடிந்தது. புதிய தொகுதியின் இரண்டாம் விளக்க விதியோ, முழுப்பொருளின் அடிப்படைத் தன்மை வாய்த்திருந்தால் கோக்கப்படாத பொருளும் முழுப்பொருளே என்று அறுதியிட்டுவிட்டது.

காலணிக்கு ஒதுக்கப்பட்டது 64-ஆம் அத்தியாயம். அடிப்பகுதியும் மேற்பகுதியும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக்கால் ஆனவை 6401, 6402 ஆகிய தலைப்புகளில் வரும், மேற்பகுதி தோலாக இருந்தால் 6403, துணியாக இருந்தால் 6404, மற்றவை 6405. ஆம்பூர்த் தொழிற்கூடங்களில் ‘அப்பர்’ என்று வழங்கும் மேற்பகுதியில் பல பொருள்கள் கலந்திருந்தால், வெளியே தெரியும் பரப்பில் எது அதிகமோ அதுவே மேற்பகுதியின் பொருளாகக் கொள்ளப்படும். கணுக்கால் ஒட்டு, விளிம்புப் பட்டை, கொக்கி, நாடாத் துளைக்கு வலுவூட்டும் துண்டு, அலங்காரம் முதலியவை கணக்கில் சேரா. அடிப்பகுதியிலும் அவ்வாறே தரையைத் தொடும் பரப்பு பார்க்கப்படும். அங்கே ஆணியும் இரும்புத் தகடும் சேரா. ஓடுவதற்கென்று செய்யப்பட்ட ஒரு பெண் காலணியை எடுத்துக்கொண்டால் இந்த விதியின் கூர்மை புரியும். முன்பக்கம் காற்றுப் புகும் வலைத்துணி, பக்கங்களில் வெட்டித் தைத்த தோல், குதிகாலில் பிளாஸ்டிக் கவசம், அடியில் ரப்பர். கைக்குத் தோல் காலணி போலவே படும் அதை, துண்டு துண்டாகப் பிரித்துப் பரப்பளவைக் கணக்கிட்டால் வலைத்துணி சில சதுர சென்டிமீட்டர் விஞ்சி நிற்கலாம். உடனே அது 6403-ஐ விட்டு 6404-க்குத் தாவிவிடும். தோல் என்று தோன்றுவதும் தோலாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை: பிளாஸ்டிக் பூச்சு மொத்தத் தடிமனில் பாதியை எட்டிவிட்டால், அடியில் உண்மையான தோல் இருந்தாலும், அட்டவணையின் கண்ணுக்கு அது தோல் அன்று.

இந்த அத்தியாயத்தின் மிக வியப்பான பகுதி ‘விளையாட்டுக் காலணி’ என்ற உட்தலைப்பு. 6403-இன் கீழ் அத்தகுதி பெற, விளையாட்டுக்கென்று வடிவமைக்கப்பட்டு, ஆணி, குமிழ், பட்டை போன்றவை அடியில் பொருத்தப்பட்டோ பொருத்த வசதியோடோ இருக்க வேண்டும். இல்லையேல் பனிச்சறுக்கு, சக்கரச்சறுக்கு, மற்போர், குத்துச்சண்டை, மிதிவண்டிக்கான காலணியாக இருக்க வேண்டும். ஆக, கடைக்காரரும் வாங்குபவரும் பந்தயத்தில் ஓடுபவரும் ஒருமித்து விளையாட்டுக் காலணி என்று அழைக்கும் தட்டையான ரப்பர் அடியுள்ள தோல் காலணி, அட்டவணைப்படி விளையாட்டுக் காலணி அன்று. கணுக்காலை மூடினால் 6403 91, மூடாவிட்டால் 6403 99 என்ற ‘மற்றவை’க்குள் அது போய்ச் சேரும். அதே வடிவத்தைத் துணியில் தைத்தாலோ, டென்னிஸ், கூடைப்பந்து, உடற்பயிற்சிக் காலணிகளைப் பெயர் சொல்லியே வரவேற்கும் 6404 11 அதை விளையாட்டுக் காலணியோடு சேர்த்து ஏற்றுக்கொள்கிறது. காரணத்தை வரலாற்றில்தான் தேட வேண்டும். 19-ஆம் நூற்றாண்டு முதல் பயிற்சிக்கும் டென்னிசுக்கும் அணியப்பட்டவை ரப்பர் அடியுள்ள கித்தான் காலணிகள். தோலில் செய்யப்பட்ட விளையாட்டுக் காலணி என்றால் அது பெரும்பாலும் கால்பந்து பூட்ஸாகவோ ஆணி வைத்த ஓட்டக் காலணியாகவோ இருந்தது. கூடைப்பந்துக்கான தோல் காலணி 1960-களின் இறுதியில்தான் பரவலாயிற்று. பெண்களுக்கென்றே வடிவமைக்கப்பட்ட முதல் விளையாட்டுக் காலணி என்று பரவலாகக் கருதப்படும், மென்தோலில் தைத்த ரீபாக் நிறுவனத்தின் ‘ஃப்ரீஸ்டைல்’ 1982-இல்தான் சந்தைக்கு வந்தது. பெயர்த்தொகுதி உடன்படிக்கை பிரஸ்ஸல்ஸில் கையெழுத்தானபோது அக்காலணிக்கு வயது ஒன்று. அட்டவணை அதற்கு முந்தைய உலகத்தையே எழுதி வைத்திருக்கிறது.

‘பெண்களுக்கான’ என்ற சொல்லின் கனமும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்க அட்டவணையில் ரப்பர் அடியுள்ள இத்தகைய தோல் காலணி ஆண்களுடையதாக இருந்தால் அடிப்படை வரி 8.5 விழுக்காடு, ஆண்களோ சிறுவர்களோ அல்லாத ‘பிறர்’ அணிவதாக இருந்து, ஜோடி 2.50 டாலருக்கு மேற்பட்டதாகவும் இருந்தால் 10 விழுக்காடு. இந்த ஒன்றரை விழுக்காட்டை எதிர்த்து, பாலினப் பாகுபாடு என்ற அடிப்படையில் காலணி வணிகர்கள் தொடர்ந்த வழக்கு, பாகுபாடு காட்டும் நோக்கம் சட்டமன்றத்துக்கு இருந்ததாக நிறுவப்படவில்லை என்று 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. இந்திய அட்டவணையில் தோல் அடியுள்ள காலணிகளின் சில பிரிவுகளில் ஆண், பெண், குழந்தை என்ற கூறு உண்டு. அது புள்ளிவிவரத்துக்காகவே, வரிவிகிதம் ஒன்றுதான். ரப்பர் அடியுள்ள தோல் காலணியில் அந்தக் கூறும் இல்லை. இந்த ஒன்றில் இந்திய அட்டவணை நேர்மையானது என்று ஒப்புக்கொள்ளலாம்.

சுதந்திரத்துக்குப் பின் அரை நூற்றாண்டு காலம் இந்த நுட்பங்கள் சென்னைச் சுங்கத்துறைக்குப் பெரும்பாலும் ஏட்டளவிலேயே இருந்தன. நுகர்பொருள் இறக்குமதிக்கு இருந்த உரிமக் கட்டுப்பாட்டில் வெளிநாட்டுக் காலணி வணிகச் சரக்காக வர வழியே இல்லை எனலாம். பர்மாவிலிருந்து திரும்பியோருக்காக 1969-இல் ஏற்பட்ட பர்மா பஜார், சுங்க மாளிகை நிற்கும் அதே ராஜாஜி சாலையில், வெளிநாட்டுப் பொருள்களுக்குப் பேர்போன இடமாக வளர்ந்தது அந்தக் காலத்தின் நகைமுரண். மறுபுறம், 1972-இல் சீதாராமையா குழு பச்சைத் தோலும் அரைப்பதனிட்ட தோலும் வெளியேறுவதைக் கட்டுப்படுத்தப் பரிந்துரைத்ததைத் தொடர்ந்து தமிழகம் தோல் ஏற்றுமதியிலிருந்து காலணி ஏற்றுமதிக்கு நகர்ந்தது. அடையாறில் 1948-இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மாற்றத்துக்குத் தொழில்நுட்பத் துணையாக நின்றது. இன்று செய்யாறு சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் தைவான் நிறுவனமொன்று நைக்கி காலணிகளைத் தைக்கிறது. வெளியே செல்லும் காலணிக்கும் அதே 64-ஆம் அத்தியாயமே அளவுகோல். இறக்குமதி மூலப்பொருளுக்குச் செலுத்திய வரியை ஏற்றுமதியாளருக்குத் திருப்பித்தரும் ‘டிராபேக்’ விகிதங்கள் அதன் நான்கிலக்கத் தலைப்புகளை ஒட்டியே வகுக்கப்படுகின்றன.

2001 மூன்று வகையில் திருப்புமுனை ஆண்டு. ஏப்ரல் 1-இல் நுகர்பொருள் இறக்குமதிமீதான அளவுக் கட்டுப்பாடுகளின் கடைசித் தவணை நீங்கியது. ஜூன் 22-இல், கொசஸ்தலையாற்று முகத்துவாரத்துக்கு வடக்கே, அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்கும் நோக்கத்தோடு கட்டப்பட்ட எண்ணூர்த் துறைமுகம் வணிகச் செயல்பாட்டைத் தொடங்கியது. நவம்பர் இறுதியில் சென்னைத் துறைமுகத்தின் கன்டெய்னர் முனையம் தனியார் நிர்வாகத்துக்குச் சென்றது. 2014-இல் காமராஜர் பெயர் சூட்டப்பட்ட எண்ணூர்த் துறைமுகம் பின்னர் கன்டெய்னர்களையும் கையாளத் தொடங்கியது. உரிமம் நின்றிருந்த இடத்தில் இனி வரியே வேலி என்றாகிவிட்டமையால், அதுவரை உறங்கிய தலைப்புகள் விழித்துக்கொண்டன. அடுத்த சில ஆண்டுகளில் 10 விழுக்காடு வரை இறங்கிய காலணி வரி, 2018 பிப்ரவரியில் 20 ஆகவும், அதே ஆண்டு செப்டம்பரில் 25 ஆகவும், 2020-இல் 35 ஆகவும் ஏறியது. 2025-இல் அடிப்படை வரி 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டு, 18.5 விழுக்காடு வேளாண் உள்கட்டமைப்பு மேல்வரி சேர்க்கப்பட்டது. முந்தைய 35-உம் அதன்மீதான சமூகநல மேல்வரி 3.5-உம் சேர்ந்த அதே 38.5 தான் கூட்டுத்தொகை. காலணிக்கும் வேளாண்மைக்கும் உள்ள உறவை அரசிதழ் விளக்கவில்லை. ஆசியான் நாடுகளோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி சில நாட்டுச் சரக்குக்குச் சலுகை விகிதம் கிடைப்பதால், எந்தக் கொடியின் கப்பல் என்று கேட்ட பழைய வழக்கம் எந்த நாட்டில் தைத்தது என்ற கேள்வியாகத் திரும்பி வந்திருக்கிறது. 2020-இல் கொண்டுவரப்பட்ட தோற்றுவாய் விதிகள் அதற்கான ஆதாரத்தை இறக்குமதியாளரிடமே கேட்கின்றன.

நடைமுறையில் இன்று கப்பலிலிருந்து இறங்கும் பெட்டி பெரும்பாலும் துறைமுகத்துக்குள் திறக்கப்படுவதில்லை. மணலி, சாத்தாங்காடு, விச்சூர்ப் பகுதிகளில் உள்ள சரக்கு நிலையங்களுக்கு டிரெய்லர்கள் அதைக் கொண்டுசெல்கின்றன. எண்ணூர் விரைவுச் சாலையில் அவை நிற்கும் வரிசையைக் கத்திவாக்கத்தார் பல்லாண்டுகளாகச் சகித்துவருகின்றனர். 2011 முதல் நடைமுறையில் உள்ள சுயமதிப்பீட்டு முறைப்படி எட்டிலக்க எண்ணை முதலில் எழுதுபவர் அதிகாரி அல்லர், இறக்குமதியாளரும் அவருடைய கிளியரிங் ஏஜென்டுமே. தவறாக எழுதினால் வரி வேறுபாட்டோடு வட்டியும் அபராதமும் அவர்கள் தலையில் விழும். எனவே காலணியின் அப்பர் தோலா, வலைத்துணியா என்ற பரப்பளவுக் கணக்கைச் சரக்கு புறப்படும் முன்பே தயாரிப்பாளரிடமிருந்து எழுத்தில் பெற்றுவைப்பது விவரமறிந்த ஏஜென்டுகளின் வழக்கம்.

முகமறியா மதிப்பீடு என்னும் முறை 2020 ஜூன் 8 அன்று சென்னையிலும் பெங்களூரிலும் இயந்திரப் பொருள்களுக்காகத் தொடங்கி, அவ்வாண்டு அக்டோபர் இறுதிக்குள் நாடு முழுவதற்கும் எல்லாப் பொருள்களுக்கும் விரிந்தது. அதன்படி எண்ணூரில் இறங்கிய காலணிக்கான பில் ஆஃப் என்ட்ரி என்னும் இறக்குமதி அறிவிப்பைக் கணினி வேறொரு நகரத்து அதிகாரிக்கு அனுப்பக்கூடும்; 6403 99-ஆ, 6404 11-ஆ என்று முடிவு செய்யும் அவர் பெட்டியைப் பார்ப்பதில்லை, ஐயம் எழுந்தால் மட்டும் சரக்கு நிலையத்தில் உள்ள உள்ளூர் அதிகாரி பெட்டியைத் திறந்து, ஒரு ஜோடியை மாதிரியாக எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, அறிக்கையைக் கணினியில் ஏற்றுகிறார்.